தேனீ, குளவி, கதண்டு: எது மூர்க்கம், எது ஆபத்து?

பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிப்பவர் மூன்று கூடுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பெரிய தேனடை ஒன்று தொங்குகிறது. அவர் வீட்டு பால்கனியில், சன்ஷேடின் அடியில், சிறிய குளவிக்கூடு ஒன்று இருக்கிறது. சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் பனைமரத்தின் தலையில் கதண்டு என்ற பெரிய குளவி கூடு கட்டியிருக்கிறது. இவற்றில் எது மிக மூர்க்கமானது, எது மிக ஆபத்தானது, தேனீ ஒருமுறை கொட்டியதும் செத்துவிடும், குளவி திரும்பத் திரும்பக் கொட்டும் என்பதால் குளவி இனத்துக்குத்தானே கூடுதலாக அஞ்ச வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

தேனடைக்கு முதலிடம், கதண்டுக்கு அதை ஒட்டிய இரண்டாமிடம், பால்கனிக் குளவிக்கு வெகுதூரம் தள்ளி மூன்றாமிடம் என்பது என் விடை. ஆனால் இந்த வரிசை, ஒவ்வாமை இல்லாத, ஓடி ஒதுங்கக்கூடிய ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். முன்பு ஒருமுறை பூச்சி கொட்டி உடல் முழுதும் தடித்து, மூச்சுத் திணறிய அனுபவம் உள்ளவருக்கு, அந்தச் சிறிய பால்கனிக் குளவியின் ஒரே கொட்டுகூட மற்ற இரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிடும். மூர்க்கம், வலி, நஞ்சின் வீரியம், உயிருக்கு ஆபத்து ஆகிய நான்கையும் ஒன்றாகவே நாம் பேசிப் பழகிவிட்டதால், அச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறிடத்தில் போய் நிற்கிறது. ஆகவே அவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வலி. அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜஸ்டின் ஷ்மிட் (2023இல் மறைந்தார்) தம்மைக் கொட்டிய பூச்சிகளின் வலியை ஒப்பிட்டு, 1980களில் ஓர் அளவுகோலை உருவாக்கினார். அதில் சாதாரணத் தேனீயின் கொட்டுக்கு 2 புள்ளி. உச்ச அளவு 4. நடு அமெரிக்க, தென் அமெரிக்கக் காடுகளின் புல்லட் எறும்பும், பெரிய சிலந்திகளை வேட்டையாடும் டரான்டுலா குளவியும் அந்த உச்சத்தில் இருக்கின்றன. டரான்டுலா குளவி கொட்டினால் வலி தாங்க முடியாமல் ஆள் தரையில் விழுந்துவிடுவார். சில நிமிடங்களில் அது தணிந்துவிடும், பெரிய பின்விளைவும் இருக்காது. அதன் நஞ்சு வலிக்கச் செய்வதற்கென்றே அமைந்தது. உயிரைப் பறிக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் அரிசோனா பகுதியில் வாழும் அறுவடை எறும்பு ஒன்றின் நஞ்சு, எலிகளில் செய்த சோதனைகளில் தேனீ நஞ்சைவிட இருபது மடங்குக்கும் கூடுதலான வீரியம் கொண்டதாகத் தெரியவந்தது. ஆனாலும் அந்த எறும்பு மனிதர்களைக் கொல்வதாக நாம் கேள்விப்படுவதில்லை, ஏனென்றால் அது தரையில் நடந்துவருகிறது; பத்தடி விலகிவிட்டால் தப்பிவிடலாம். வலியும் வீரியமும் எவ்வளவு கூடினாலும் ஆபத்து கூடியே ஆக வேண்டும் என்பதில்லை.

எங்கே கொட்டுகிறது என்பதும் வலியை மாற்றும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த மைக்கேல் ஸ்மித், தேனீக்களைத் தம் உடலின் 25 இடங்களில் கொட்டவைத்துப் பதிவுசெய்து 2014இல் வெளியிட்டார். மூக்குத் துவாரமும் மேலுதடும் மிகக் கடுமையான வலியைத் தந்த இடங்கள். உச்சந்தலையும் கையின் மேற்பகுதியும் மிகக் குறைவாக வலித்தவை. தேனீக்கள் கூட்டமாக வரும்போது முகத்தையே குறிவைப்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயு அவற்றை முகத்தை நோக்கி இழுக்கிறது. கருமையான முடியும் கண்களும் அவற்றுக்கு இலக்கைக் காட்டிக்கொடுக்கின்றன.

அடுத்தது மூர்க்கம். கொட்டும் பூச்சிகள் எல்லாமே தேனீ, குளவி, எறும்பு ஆகியவை அடங்கிய ஒரே வரிசையைச் சேர்ந்தவை. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு உருமாறி உண்டானது. ஆகவே பெண் பூச்சிகளால் மட்டுமே கொட்ட முடியும். தனித்து வாழும் இனங்களில் ஒவ்வொரு பெண்ணும் தானே கூடு கட்டி, தானே குஞ்சுகளுக்கு உணவு சேர்க்க வேண்டும். அது போரிட்டு இறந்தால் அதன் சந்ததி அத்தோடு முடிந்தது. எனவே அது ஓடிப்போகவே பார்க்கும். கூட்டமாக வாழும் இனங்களின் வேலைக்காரப் பூச்சி அப்படியில்லை. அது இறந்தாலும் ராணி முட்டையிடுவாள், கூடு பிழைக்கும். கூட்டில் எவ்வளவு புழு, எவ்வளவு தேன், எத்தனை ஆயிரம் காவலர்கள் என்ற கணக்கு கூடக் கூட, கூட்டைக் காக்கும் வேகமும் கூடும். அதே பூச்சி கூட்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, வேப்பம்பூவிலோ கரும்புச்சாறு கடையின் சக்கைக் குவியலிலோ உட்கார்ந்திருக்கும்போது, மிதித்தாலோ பிடித்து நசுக்கினாலோ ஒழிய எவரையும் கொட்டாது. இனத்தின் பெயரைக் கேட்டு அஞ்சுவதைவிட, கூடு எங்கே இருக்கிறது என்று பார்த்து அஞ்சுவதே சரி என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று இருக்கிறது. பிரேசிலில் ரியோ கிளாரோ என்ற ஊருக்கு அருகே 1957இல், ஆய்வுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த தேனீக் கூட்டங்கள் சில தப்பிப்போயின. அவை உள்ளூர்த் தேனீக்களோடு கலந்து, அமெரிக்கக் கண்டங்கள் நெடுகப் பரவி, கொலைகாரத் தேனீக்கள் என்று பெயரெடுத்தன. அவற்றின் ஒரு கொட்டில் இருக்கும் நஞ்சு, பெட்டியில் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீயின் நஞ்சைவிடக் கூடுதலானது இல்லை. சிறு தொந்தரவுக்கும் அவை விரைவாக எழுகின்றன, பெரும் எண்ணிக்கையில் வருகின்றன, நெடுந்தூரம் துரத்துகின்றன. அவற்றால் நேர்ந்த மரணங்களுக்கு இந்த மூன்று இயல்புகளே காரணம்.

நம் ஊரில் அந்த மூன்று இயல்புகளும் ஒருங்கே அமைந்த பூச்சி, தண்ணீர்த் தொட்டியின் அடியில் தொங்கும் பெருந்தேனீ. மலைத்தேனீ என்றும் சொல்வார்கள். பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீயைப் போலவோ, வேலிச் செடியின் கொம்பில் கையளவு அடை கட்டும் சிறுதேனீயைப் போலவோ இல்லாமல், இது ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்த வெளியில், உயரமான இடத்தில் தொங்கவிடும். உயர்ந்த மரக்கிளைகளும் பாறை முகடுகளும்தான் அதன் பழைய இருப்பிடங்கள்; சென்னையில் இப்போது மேல்நிலைத் தொட்டிகள், மேம்பாலங்கள், அடுக்ககங்களின் சன்ஷேடுகள் எல்லாம் அதற்குப் பாறை முகடுகளாகிவிட்டன. ஒரு மீட்டர் அகலம்வரை வளரக்கூடிய அந்த அடையில் பல பத்தாயிரம் தேனீக்கள் இருக்கும். மூடுவதற்குச் சுவரோ பொந்தோ இல்லாததால், தேனீக்களே பல அடுக்குத் திரையாக அடையின் மேல் போர்த்திக்கொண்டு நிற்கின்றன.

எதிர்க் கட்டடத்தின் மாடியிலிருந்து தொலைநோக்கியில் இந்தத் திரையைப் பார்த்திருக்கிறேன். கதண்டு ஒன்று அடையின் முன்னால் வந்து மிதந்தபோது, ஒரு புள்ளியில் இருந்த தேனீக்கள் வயிற்றுப் பகுதியைச் சட்டென மேலே உயர்த்தித் தாழ்த்தின. பக்கத்தில் இருந்தவை அதைத் தொடர்ந்தன. ஒரு நொடிக்குள் அந்த அசைவு அடை முழுவதும் வட்ட அலையாகப் பரவியது. கதண்டு விலகும்வரை அலைமேல் அலையாக அது நடந்தது. எவரையும் கொட்டாமலேயே எதிரியை விரட்டுவதற்காக அவை வைத்திருக்கும் முதல் எச்சரிக்கை இது. தொட்டி கழுவப் போகிறவரோ, கயிற்றில் தொங்கி வண்ணம் அடிப்பவரோ அடையில் இப்படி அலை எழுவதைக் கண்டால், அந்தக் கணமே சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும்.

அதற்குப் பிறகும் தொந்தரவு தொடர்ந்தால் தேனீக்கள் எழும். கேள்வி கேட்டவர் சொன்னது உண்மைதான்: தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால், மனிதத் தோலில் இறங்கிய கொடுக்கு திரும்ப வராது, நஞ்சுப்பையோடு பிய்ந்து தோலிலேயே நின்றுவிடும், தேனீ இறந்துவிடும். ஆனால் இந்தத் தற்கொலைதான் தேனீயின் தாக்குதலை இவ்வளவு கொடியதாக ஆக்குகிறது. பிய்ந்துபோன கொடுக்கு தானாகவே துடித்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 20 நொடிகளுக்குள் பெரும்பகுதி நஞ்சு உள்ளே போய்விடும். அத்தோடு, கொடுக்கின் அடியிலிருந்து வாழைப்பழத்தைப் போல மணக்கும் ஓர் எச்சரிக்கை வாசனை கிளம்புகிறது. அது பின்னால் வரும் தேனீக்களுக்கு இலக்கை அடையாளம் காட்டும். முதல் கொட்டு பத்து கொட்டுகளை அழைக்கிறது, பத்து நூறை அழைக்கிறது. நூறு மீட்டருக்கும் மேல் துரத்திவரும் இந்தக் கூட்டத்தின் முன்னால், ஒவ்வொரு தேனீயும் ஒருமுறைதான் கொட்டும் என்பது எந்த ஆறுதலையும் தராது.

அது எழுவதற்கான காரணங்களும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றன. கல் எறிவது, தீபாவளி ராக்கெட் அடையில் படுவது, துளையிடும் இயந்திரத்தின் அதிர்வு, அடியில் குப்பை கொளுத்தும் புகை ஆகியவை முதன்மையானவை. நம் கையில் இல்லாத காரணம் ஒன்றும் உண்டு: தேன்பருந்து. அது தேனடையைப் பிய்த்துப் புழுக்களைத் தின்னும் பறவை. அதன் இறகும் செதில் போன்ற முகச் சிறகுகளும் அதைக் காத்துவிடும். கிளம்பிய கூட்டம் அடியில் நடந்துபோகிறவரைப் பிடித்துக்கொள்ளும். எதுவும் செய்யாமல் நடந்துபோனவர்களைத் தேனீக்கள் கொட்டியதாக வரும் செய்திகள் சிலவற்றின் பின்னால் இந்தப் பறவை இருக்கக்கூடும்.

அடுக்ககங்களில் வசிப்பவர்களுக்குப் பழக்கமான இன்னொரு காட்சி, இரவில் பால்கனி விளக்கைச் சுற்றி வந்து விழும் தேனீக்கள். பெருந்தேனீ நிலவொளியிலும் பறந்து உணவு தேடக்கூடியது. அதனால் பக்கத்து அடையிலிருந்து விளக்கு வெளிச்சத்துக்கு வந்து, சுற்றிச் சுற்றிக் களைத்துத் தரையில் விழுந்துவிடுகிறது. அது தாக்குதல் இல்லை. வெறுங்காலோடு மிதித்தால்தான் கொட்டும், இறந்து கிடக்கும் தேனீயின் கொடுக்கும் குத்தும் என்பதால், விளக்கை அணைத்துவிட்டுக் காலையில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினால் போதும். இதைக் கண்டு அஞ்சி அடையைக் கொளுத்தச் சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இனி கதண்டு. செய்தித்தாள்களில் கதம்ப வண்டு, விஷ வண்டு என்றெல்லாம் வருவது பெரும்பாலும் இதுவே. வண்டு இனத்தோடு இதற்கு உறவு கிடையாது, இது பெரிய குளவி. கருத்த உடலில், இடுப்புக்குக் கீழே அகலமான மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை ஒன்று இருக்கும். பறக்கும்போது கனத்த ரீங்காரம் கேட்கும். பனைமரத் தலை, மரப்பொந்து, மண்ணுக்கடி, பூட்டிக் கிடக்கும் வீட்டின் கூரை என்று பல இடங்களில் கூடு கட்டும். இதன் கொடுக்கு வழவழப்பானது, எனவே ஒரே பூச்சி பலமுறை கொட்ட முடியும். நஞ்சை எடைக்கு எடை ஒப்பிட்டால், தேனீ நஞ்சைவிடக் கதண்டு இனங்களின் நஞ்சு பெரிதாக வீரியம் கூடியது இல்லை. ஆனால் உடல் பெரிதாக இருப்பதால் ஒரு கொட்டில் இறங்கும் அளவு கூடுதல், வலியும் கூடுதல். நஞ்சில் நேரடியாக வலியைத் தூண்டும் அசிட்டைல்கோலின், செரடோனின் போன்ற பொருள்களும், தசைகளையும் இரத்த அணுக்களையும் சிதைக்கும் பொருள்களும் உண்டு. பல கொட்டுகள் வாங்கியவருக்குச் சிறுநீரகம் செயலிழப்பது இதனால்தான்.

அப்படியிருக்க, கதண்டை ஏன் இரண்டாமிடத்தில் வைக்கிறேன் என்று கேட்கலாம். தனி ஒரு பூச்சியை மற்றொன்றோடு நிறுத்தி ஒப்பிட்டால் கதண்டுக்குத்தான் முதலிடம். அதில் எனக்கு ஐயமில்லை. கூட்டோடு கூட்டை ஒப்பிடும்போது, பனைமரத்தில் இருக்கும் கதண்டுக்கூட்டின் மக்கள்தொகை பெருந்தேனீ அடையின் மக்கள்தொகைக்கு அருகில்கூட வராது. ஆனால் கூடு மறைவான இடத்தில் இருப்பது கதண்டின் ஆபத்தைக் கூட்டுகிறது. தேனடை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. புதருக்குள்ளோ மண்ணுக்கடியிலோ உள்ள கதண்டுக்கூடு, மண்வெட்டி படும்வரை தெரிவதில்லை. நூறு நாள் வேலையில் புதர் வெட்டுபவர்கள், பனையேறிகள், தென்னை மரம் ஏறுபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் ஆகியோரே இதற்கு அதிகம் இரையாகிறார்கள். மரத்தின் மேல் இருப்பவரால் ஓட முடியாது என்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது.

சமூக ஊடகங்களில் சுற்றும் ஆசிய ராட்சதக் குளவியின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அதுதான் இங்கே இருக்கிறது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது இமயமலை அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள், சீனா, ஜப்பான் ஆகிய இடங்களின் பூச்சி, சென்னையில் இல்லை. 2013இல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் குளவித் தாக்குதல்களால் 40 பேருக்கு மேல் இறந்தனர். அந்தச் செய்தியும் இந்த இனத்தைப் பற்றிய அச்சத்தைப் பரப்பியது.

பால்கனியில் இருப்பது காகிதக் குளவி. மரநாரை மென்று, எச்சிலோடு குழைத்து, சாம்பல் நிறத்தில் சில அறைகளைக் கட்டி, ஒரு காம்பில் தொங்கவிட்டிருக்கும். அதில் பத்து, இருபது, கூடிப்போனால் சில பத்து குளவிகள் இருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் இந்தக் குளவிகளில் ஓர் இனத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அவற்றின் கூட்டு வாழ்க்கையை உலகுக்குக் காட்டினார். கூட்டின் மேல் கை பட்டால் கொட்டும், வலி தேனீயின் கொட்டுக்குச் சற்றும் குறையாது. ஆனால் இரண்டடி தள்ளித் துணி காயப்போட்டால் தலையைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. கதண்டு இந்தக் கூட்டைச் சூறையாட வரும்போது, இதன் உரிமையாளர்கள் எதிர்த்துப் போராடாமல் ஒதுங்கிப் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்துவிடுகின்றன. கதண்டு ஒவ்வோர் அறையாகத் தலையை விட்டுப் புழுக்களை இழுத்து மென்று எடுத்துச் செல்கிறது. சொந்தக் குஞ்சுகளுக்காகவே உயிரைக் கொடுக்காத இந்தச் சிறு கூட்டத்தை மூர்க்கமானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புத்தக அலமாரியிலும் சுவிட்சு பெட்டியிலும் மண்ணுருண்டை வைத்துக் கூடு கட்டும் மண்குளவியைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அது கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் வீடுகளில் அதைக் கலைக்காமல் விடுவார்கள். உயிரியல் நோக்கிலும் அது நல்ல முடிவே. அது தனித்து வாழும் இனம், கூட்டைக்கூடக் காக்க வராது. பழைய மரச்சட்டங்களைத் துளையிடும் கருநீல நிறத் தச்சுத்தேனீயும் அப்படியே. முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் கொடுக்கே இல்லாத ஆண். எறும்புகளில், மாமரத்து முசுறு கடித்து அமிலத்தைப் பீய்ச்சுமே தவிர அதற்குக் கொடுக்கு கிடையாது. நெருப்பெறும்புக்குக் கொடுக்கு உண்டு. மரத்தண்டுகளில் ஊரும், தலையும் வயிறும் கருத்து நெஞ்சு மட்டும் செம்பழுப்பாக இருக்கும் மெலிந்த எறும்பு ஒன்றையும் கவனிக்க வேண்டும். அதன் கொட்டினால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டதாக ஆசிய நாடுகளில் பதிவுகள் உண்டு. சிறிய பூச்சி என்பதால் அதை எவரும் பொருட்படுத்துவதில்லை.

இப்போது ஆபத்தின் இரு வழிகளுக்கு வருகிறேன். முதல் வழி, நஞ்சின் அளவு. தேனீ நஞ்சுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 20 கொட்டுகள் உயிருக்கு ஆபத்தான அளவு என்ற தோராயக் கணக்கு மருத்துவத்தில் வழங்குகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 1,200 கொட்டுகள். இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 400. முதியவருக்கும் இதய நோயாளிக்கும் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. சில நூறு கொட்டுகளிலேயே தசைகள் சிதைந்து சிறுநீரகம் அடைபடலாம். இந்தச் சேதம் உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. வலி குறைந்து, வீக்கத்தோடு வீடு திரும்பியவருக்கு மறுநாள் சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போகும், அல்லது அளவு குறைந்துவிடும். பல பத்துக் கொட்டுகள் வாங்கிய எவரையும், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், மருத்துவமனையில் சேர்த்து இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். பிள்ளைகளானால் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தாலும் சேர்க்க வேண்டும். தேனீ நஞ்சுக்கோ கதண்டு நஞ்சுக்கோ பாம்புக்கடிக்குப் போடுவது போன்ற முறிமருந்து இங்கு கிடையாது. சிறுநீரகத்தைக் காப்பதும் தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வதும்தான் சிகிச்சை.

இரண்டாவது வழி, ஒவ்வாமை. உலக அளவில் தனித்தனிக் கொட்டுகளால் நேரும் மரணங்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை தேனீ, குளவி இனங்கள் கொட்டியதால் 788 பேர் இறந்ததாக அரசுப் பதிவு சொல்கிறது; ஆண்டுக்குச் சராசரியாக 72 பேர். கொலைகாரத் தேனீக் கூட்டங்கள் இருக்கும் அந்த நாட்டிலேயே, இவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கூட்டத் தாக்குதல் இல்லை, ஓரிரு கொட்டுகளுக்கு உடல் காட்டிய மிகையான எதிர்வினைதான். கொட்டிய கை முழங்கைவரை வீங்குவது பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கும் எதிர்வினை. அதற்கு அஞ்ச வேண்டாம். கொட்டாத இடங்களிலும் தடிப்பு எழுவது, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கரகரப்பது, மூச்சு இழுப்பது, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். உயிர் போகிறவர்களில் பலருக்கு அது முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே போய்விடுகிறது.

அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி ஒன்றே. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். நம் வீடுகளில் கைவசம் இருக்கும் அவிலும் செட்ரிசினும் அரிப்பைக் குறைக்கும். இறங்கும் இரத்த அழுத்தத்தையோ அடைபடும் மூச்சுக்குழலையோ அவை சரிசெய்யாது. மாத்திரை போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருந்த நேரத்தில் உயிர் போன குடும்பங்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 108ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால், ஊசி போடும் வசதியுள்ள மிக அருகிலான மருத்துவமனைக்கு ஆட்டோவிலாவது கொண்டுபோங்கள். மயங்கியவரை உட்காரவைக்காமல் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலின் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போகலாம் என்பதால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவும். சென்றமுறை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பதும் உறுதிமொழி ஆகாது. முந்தைய கொட்டுகளால்தான் உடலில் ஒவ்வாமை உருவாகிறது.

கொடுக்கை எடுக்கும் முறை பற்றி வீண் வாதம் நிறைய நடக்கிறது. கிள்ளி எடுத்தால் நஞ்சு உள்ளே பிதுங்கும், ஏடிஎம் அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். 1996இல் வெளியான ஒரு சோதனை, எடுக்கும் முறையால் வேறுபாடில்லை, எடுக்கும் வேகமே முக்கியம் என்று காட்டியது. அட்டையைத் தேடும் நேரத்தில் நகத்தாலேயே எடுத்துவிடலாம். சுண்ணாம்பு தடவுவது நம் வழக்கம். நஞ்சு தோலுக்கு அடியில் இறங்கிவிட்டதால் மேலே தடவும் காரமோ அமிலமோ அதைச் சென்றடையாது, கண்ணருகே தடவினால் கண் போகும். சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுப்பது போதும்.

கூட்டம் துரத்தினால் நேர்க்கோட்டில் ஓட வேண்டும். கையை வீசக் கூடாது. துப்பட்டாவோ சட்டையோ எது கிடைத்தாலும் முகத்தை மூடிக்கொண்டு, மூடிய அறைக்குள்ளோ காருக்குள்ளோ நுழைந்து கதவைச் சாத்த வேண்டும். நான்கைந்து தேனீக்கள் உடன் வந்தாலும் பரவாயில்லை, வெளியே இருக்கும் நானூறு வராது. கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ குதித்தால், தலை வெளியே வரும்வரை அவை மேலேயே சுற்றும். இருசக்கர வாகனத்தில் இருப்பவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு நிறுத்தாமல் போய்விட வேண்டும்.

இனி அந்த மூன்று கூடுகள். பால்கனிக் குளவி கை எட்டும் இடத்தில் இருந்து, வீட்டில் சிறு பிள்ளைகளோ ஒவ்வாமை உள்ளவரோ இருந்தால், பூச்சி ஒழிப்பவரைக் கொண்டு அந்தி சாய்ந்த பிறகு எடுத்துவிடலாம்; இல்லையென்றால் விட்டுவிடலாம், செடிகளின் புழுக்களை அது தின்னும். பனைமரக் கதண்டை விட்டுவைக்கச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் சுற்றுச்சுவரை ஒட்டி ஆட்கள் நடக்கிறார்கள். 101ஐ அழைத்தால் தீயணைப்புத் துறையினர் பாதுகாப்பு உடையோடு வந்து அழிப்பார்கள். மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு மரம் ஏற எவரையும் கூலிக்குப் பிடிக்காதீர்கள்.

தேனடை விஷயத்தில் நலச் சங்கம் பொறுமையாக முடிவெடுக்க வேண்டும். பெருந்தேனீ இடம்பெயரும் இனம்; பூக்கும் பருவம் முடிந்ததும், சில மாதங்களில் கூட்டம் தானாகவே அடையை விட்டுப் போய்விடும். அதுவரை மொட்டை மாடிக் கதவைப் பூட்டி வைத்து, தொட்டி கழுவுவதையும் அந்தப் பக்கச் சுவருக்கு வண்ணம் அடிப்பதையும் தள்ளிப்போட்டால் போதும். தொட்டிக்கு ஆட்கள் போயே தீர வேண்டும் என்றாலோ, அடை பள்ளிக்கூட ஜன்னலுக்கோ படிக்கட்டுக்கோ பக்கத்தில் இருந்தாலோ, தேனீக்களைக் கொல்லாமல் இடம் மாற்றத் தெரிந்தவர்களை அழைக்கலாம்; வேலை நடக்கும் நேரத்தை எல்லா வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லி, ஜன்னல்களைச் சாத்தி, விளக்குகளை அணைக்கச் சொல்ல வேண்டும். கூட்டம் போன பிறகு, மிச்சமிருக்கும் வெற்று அடையையும் மெழுகையும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வண்ணம் பூசிவிடுங்கள்; பழைய இடத்துக்கே அடுத்த ஆண்டும் திரும்பி வரும் வழக்கம் இந்தத் தேனீக்கு உண்டு.